மூன்று டிரெய்லர் இழுக்கும் லாரியை எப்படி ஓட்டுகிறார்கள்?

கேள்வி இதுதான்: “ஆஸ்திரேலியாவில் ஒரே லாரி மூன்று டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு போவதை வீடியோவில் பார்த்தேன். இதை எப்படித் திருப்புகிறார்கள், எப்படி நிறுத்துகிறார்கள், ரிவர்ஸ் எடுக்க முடியுமா? அடுத்த மாதம் குடும்பத்தோடு ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு என்ற பெரிய பாறையைப் பார்க்க வாடகைக் காரில் போகிறோம். வழியில் இப்படி ஒரு வண்டி முன்னால் போனால் முந்தலாமா?”

முந்துவதைப் பற்றிக் கடைசியில் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு மனதில் நிற்கும். நான் சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டிப் பழகியவன். இப்போது சில வருடங்களாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன். ஒரு வழிக்கு மட்டும் 2,700 கிலோமீட்டருக்கு மேல்.

முதலில் வண்டி. இங்கே இதற்கு ரோடு டிரெயின் என்று பெயர். முன்னால் இழுக்கும் தலை பிரைம் மூவர். அதன் முதுகில் டர்ன்டேபிள் என்ற தட்டு இருக்கும். முதல் டிரெய்லரின் மூக்குக்கு அடியில் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை இருக்கிறது. அது அந்தத் தட்டின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இதுவரைக்கும் நம்மூர் டிரெய்லர் லாரிதான். இரண்டாவது டிரெய்லரில்தான் வித்தியாசம். அதற்கு முன்பக்கம் சக்கரம் கிடையாது. மூக்கைத் தாங்க டோலி என்று ஒரு குட்டி வண்டி வேண்டும். இரண்டு ஆக்சில், அதாவது சக்கர அச்சு, மேலே ஒரு டர்ன்டேபிள், முன்னால் மாட்டுவண்டியின் ஏர்க்கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பம், அதன் நுனியில் ஒரு வளையம். முதல் டிரெய்லரின் பின்புறம் உள்ள கொக்கிக்குள் அந்த வளையம் போய் மாட்டும். மூன்றாவது டிரெய்லருக்கும் இதேபோல இன்னொரு டோலி.

எண்ணிப் பார்த்தால் 16 ஆக்சில், 62 டயர். சட்டப்படி அதிகபட்ச நீளம் 53.5 மீட்டர். இந்த அமைப்புக்குப் பொது அனுமதியின்படி மொத்த எடை 115.5 டன், டோலியில் மூன்று ஆக்சில் போட்டால் இன்னும் கூடும். இந்தியாவில் 22 சக்கர டிரெய்லர் லாரிக்கு அனுமதி 55 டன். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே ஒரே இன்ஜினில் இழுக்கிறோம். எல்லாமே மூன்று டிரெய்லர் கிடையாது. இரண்டு டிரெய்லரும் ஒரு டோலியும் உள்ளது 36.5 மீட்டர். டோலியே இல்லாமல், முதல் டிரெய்லரின் பின்பக்கத்திலேயே டர்ன்டேபிள் வைத்து இரண்டாவதை அதன்மேல் உட்கார வைப்பது பி-டபுள். அது 26 மீட்டர் வரை. மேற்கே பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களின் பக்கம் நான்கு டிரெய்லர் வண்டிகளும் ஓடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது எத்தனை இடத்தில் மடங்குகிறது என்பதுதான். சாதாரண டிரெய்லர் லாரி ஒரே இடத்தில் மடங்கும். பி-டபுள் இரண்டு இடத்தில். மூன்று டிரெய்லர் ரோடு டிரெயின் ஐந்து இடத்தில் மடங்கும்: முதல் டர்ன்டேபிள், பிறகு ஒவ்வொரு டோலிக்கும் கொக்கி ஒன்று, டர்ன்டேபிள் ஒன்று. ஓட்டுவதில் உள்ள கஷ்டம் எடையால் வருவதைவிட இந்த ஐந்து மூட்டுகளால் வருவதுதான் அதிகம்.

சாட்டையைச் சுண்டினால் கைப்பிடி ஒரு சாண் அசையும், நுனி எங்கேயோ போய்ப் பறக்கும் இல்லையா? அதேதான். ஸ்டியரிங்கை நான் சட்டென்று இடமும் வலமும் ஒடித்தால், முன்னால் எனக்கு ஒரு சின்ன ஆட்டம். முதல் டிரெய்லருக்கு அது கொஞ்சம் பெரிதாகும். கொக்கி வழியாக இரண்டாவதுக்குப் போகும்போது இன்னும் பெரிதாகும். கடைசி டிரெய்லர் உணரும் பக்கவாட்டு உதறல், பிரைம் மூவர் உணர்ந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். அதிலும் இடது, வலது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிகிற ஆட்டம்தான் மிக மோசம். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்து, அதைத் தவிர்க்க ஒடித்து, உடனே திருப்பி நேராக்கும்போது சரியாக அந்த அளவு நேரம்தான் ஆகும். பிரைம் மூவர் தப்பித்துவிடும். கடைசி டிரெய்லர் கவிழும். டோலிக் கொக்கி ஒரு பக்கமாகச் சாய்கிற டிரெய்லரைப் பிடித்து நிறுத்தாது, சுழல விட்டுவிடும். பி-டபுளில் இரண்டு டிரெய்லரும் டர்ன்டேபிள் மேல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் அது இவ்வளவு ஆடாது.

அதனால் இங்கே பயிற்சியில் மண்டையில் அடித்து ஏற்றுகிற முதல் பாடம்: கங்காரு வந்தால் ஒடிக்காதே. நேராகப் பிடி, வேகத்தைக் குறை, அடிபட்டால் அடிபடட்டும். கேட்க மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. லாரிகளின் முன்னால் பெரிய கம்பித் தடுப்பு வைத்திருப்பதே அதற்காகத்தான். நம்மூரில் நாய் குறுக்கே வந்தால் கை தானாக ஒடிக்கும். அந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆனது.

சுமை ஏற்றும்போதே இந்த ஆட்டத்தைக் குறைக்க வழி இருக்கிறது. மிகக் கனமான டிரெய்லர் முன்னால், மிக லேசானது கடைசியில். இதை மாற்றிக் கட்டினால் வாலில் கனம் சேர்ந்து, காற்று ஒரு தட்டு தட்டினாலே பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். நெளிய ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கால் துரத்திச் சரிசெய்யவும் கூடாது. ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்தி, அது தானாக அடங்குவதற்குக் காத்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகள் மிக நீளமானவை.

சாலையின் அமைப்பும் கடைசி டிரெய்லரைத்தான் முதலில் சோதிக்கும். மழைநீர் வழிய சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம், அதனால் கடைசி டிரெய்லர் இடது ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கப் பார்க்கும். இருக்கையில் எனக்கு ஒன்றும் தெரியாது. இடது கண்ணாடியின் அடியில் சின்னதாக ஒரு செம்மண் புகை கிளம்பும், அவ்வளவுதான். கடைசி டிரெய்லரின் இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பதறி வலது பக்கம் இழுத்தால் மேலே சொன்ன சாட்டைக் கதைதான். வேகத்தைக் குறைத்து, அரை கிலோமீட்டர் எடுத்துக்கொண்டாவது மெதுவாகத் தாருக்கு ஏற்ற வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் நான் கடந்த புள்ளியை என் வால் கடக்க இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடியைக் கணக்கில் வைத்துத்தான் ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு வளைவும்.

அடுத்தது பிரேக். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இது.

எல்லாம் காற்று பிரேக். பிரைம் மூவரிலிருந்து கடைசி டிரெய்லர் வரை இரண்டு காற்றுக் குழாய் ஓடுகிறது. சிவப்புக் குழாய் ஒவ்வொரு டிரெய்லரின் டேங்கையும் காற்றால் நிரப்பி, பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங்கை விடுவித்து வைக்கும். சிவப்பு அறுந்தால் ஸ்பிரிங் இறுகி வண்டி தானாக நின்றுவிடும்; பாதுகாப்புக்காகவே அப்படி. நீலக் குழாய் நான் பெடலை மிதிப்பதைப் பின்னால் சொல்லியனுப்புகிற குழாய். மிதித்த செய்தி காற்றாகத்தான் போக வேண்டும், ஐம்பது மீட்டர் தூரம். வழியில் ரிலே வால்வுகள் வைத்து வேகப்படுத்தியிருக்கிறார்கள். புது டிரெய்லர்களில் மின்சாரம் வழியாகவே செய்தி போகிற பிரேக்கும் வந்துவிட்டது. ஆனாலும் பழைய டிரெய்லர் கட்டிய நாளில் முன்னால் பிடித்துவிட்டு, பின்னால் பிடிக்க ஒரு நொடிப்பொழுது தாமதம் இருக்கும். முன்னால் நிற்கப் பார்க்கும், பின்னால் இருப்பது தள்ளும். தள்ளினால் மூட்டுகள் மடங்கும். வண்டி எப்போதும் இழுவையிலேயே, கயிறு இறுகிய மாதிரி நீட்டிப் பிடித்தபடி இருக்க வேண்டும். பிரேக் போடும்போதும் அப்படித்தான்: முதலில் ஆக்சிலேட்டரைத் தளர்த்துவது, பிறகு இன்ஜின் பிரேக், அதன்பிறகுதான் பெடல், அதுவும் மெதுவாகத் தொடங்கி. நிறுத்த வேண்டிய இடத்தை ஒரு கிலோமீட்டருக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு சம்பவம். ஒவ்வொரு டிரெய்லரின் பின்னாலும் அந்த இரண்டு குழாய்க்கும் ஒரு திருகு, அதாவது டேப், இருக்கும். பின்னால் இன்னொரு டிரெய்லர் கட்டினால் திறக்க வேண்டும். கடைசி டிரெய்லரில் மட்டும் மூட வேண்டும். என் முதல் வருடம், இரவு பதினொரு மணி, ஒரு யார்டில் மூன்றையும் கட்டி முடித்தேன். சிவப்பு டேப் எல்லாம் திறந்தாயிற்று, டேங்க் நிறைந்தது, ஸ்பிரிங் பிரேக் விட்டது, வண்டி இழுத்தால் லேசாக நகர்ந்தது. கிளம்ப வேண்டியதுதான் என்று ஏறப் போனேன். எனக்குப் பழக்கிக் கொடுத்த பெரியவர், அறுபது வயதைத் தாண்டியவர், டார்ச்சை என் கையில் கொடுத்து, “கடைசி டிரெய்லருக்கு நடந்து போ. நான் பெடலை மிதித்து விடுகிறேன், சத்தம் கேட்டால் சொல்” என்றார்.

நடந்து போய், கடைசி ஆக்சில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். முன்னால் எங்கோ தூரத்தில் ‘புஸ்’ என்றது. என் காதருகே ஒன்றுமே இல்லை. காற்று தள்ளினால் பிரேக்கை இறுக்குகிற பிரேக் சேம்பரின் தண்டு அசையவே இல்லை. மறுபடியும் மிதித்தார், மறுபடியும் அமைதி. இரண்டாவது டிரெய்லருக்கு வந்தேன், அங்கும் அதே. முதல் டிரெய்லரின் பின்னால் இருந்த நீல டேப்பைத் திறக்காமல் விட்டிருந்தேன். சிவப்பு சரியாக இருந்ததால் வண்டி நன்றாக உருளும். நீலம் மூடியிருந்ததால் பின்னால் இருக்கிற எழுபது டன்னுக்கு மேல் பிரேக்கே பிடிக்காது. யார்டு வாசலில் மெதுவாக நிறுத்தும்போது தெரிந்திருக்காது. முதல் இறக்கத்தில் தெரிந்திருக்கும்.

பெரியவர் திட்டவில்லை. டேப்பின் பிடியில் என் கையை வைத்து, குழாய்க்கு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்று இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளச் சொன்னார். அந்த டிரெய்லரில் அப்படி. எல்லா டிரெய்லரிலும் அப்படித்தான் என்று நம்பிவிடாதே என்பதையும் அவரே சொன்னார். அன்றிலிருந்து தனியாகக் கட்டும்போதும் பெடலைப் பிடித்து வைக்க ஒரு ஆளைக் கூப்பிடாமல் நான் கிளம்பியதில்லை. ஆள் இல்லையென்றால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கிற கைப்பிடியைப் போட்டுவிட்டுக் கடைசி வரை நடந்து போய்ச் சேம்பர் தண்டைப் பார்ப்பேன்.

கட்டுவதில் இன்னும் சில சோதனைகள் உண்டு. கிங்பின் பூட்டிய பிறகு டிரெய்லர் பிரேக்கைப் போட்டு முன்னால் ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு கீழே இறங்கி, டார்ச் அடித்து, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மேலோட்டமாக உட்கார்ந்துவிட்டு, இழுக்கும்போது பிடித்த மாதிரி காட்டி, பத்து கிலோமீட்டர் கழித்துக் கழன்ற டிரெய்லர்கள் உண்டு. டோலிக் கொக்கியில் வளையம் உள்ளே போனதும் மேலிருந்து முளை விழும். அது முழுக்க விழுந்ததா என்று காட்டும் குமிழ் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, அதை விரலால் தொட்டுப் பார்ப்போம்.

திருப்பத்துக்கு வருவோம். நம்மூர்த் தேர் மாடவீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முனைக்கு முன்பே எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அங்கே தப்பினால் பிறகு எத்தனை கட்டை போட்டாலும் திரும்பாது. இங்கேயும் அதே. ஒவ்வொரு டிரெய்லரின் பின்சக்கரமும் தனக்கு முன்னால் போனதைவிட உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். மூன்று டிரெய்லர் இருந்தால் மூன்று தடவை வெட்டும். அதனால் முன்சக்கரத்தை முனையைத் தாண்டி நன்றாக நேரே கொண்டுபோய், பிறகு திருப்பி, கண்ணாடியில் கடைசிச் சக்கரம் முனைக்கல்லைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் நேராக்க வேண்டும். குறுக்குச் சாலையில் நின்று கிளம்பும்போது இன்னொரு கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டரில் நகர்ந்தால் என் நீளம் மட்டும் ஒரு கோட்டைக் கடக்க 39 விநாடி. ரயில்வே கிராசிங் என்றால் தண்டவாளத்தின் அகலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடக்கும்போது கியர் மாற்றக் கூடாது. கியர் விழாமல் நடுவில் நின்றுவிட்டால் அவ்வளவுதான். பல வண்டிகளில் 18 வேக கியர்பாக்ஸ், கியரின் சுற்றைத் தானாகப் பொருத்தும் சிங்க்ரோ கிடையாது, இன்ஜின் சுற்றைக் காதால் கேட்டுப் பொருத்தி மாற்ற வேண்டும். சங்ககிரியில் பழைய வண்டிகளில் டபுள் கிளட்ச், அதாவது ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதிப்பது, பழகியது எனக்கு இங்கே வந்துதான் சோறு போட்டது.

பெரிய நகரங்களுக்குள் இந்த வண்டி நுழைய முடியாது. அதனால்தான் போர்ட் அகஸ்டா மாதிரி ஊர்களில் கட்டிப் பிரிக்கும் இடங்கள் இருக்கின்றன. பெர்த்திலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு வூபின் என்ற சின்ன ஊர்.

ரிவர்ஸ்? ஒரு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மூட்டு கூடும்போதும் அந்தத் திசை தலைகீழாகும். பி-டபுளை நல்ல கைகாரர்கள் சந்துக்குள்கூட ரிவர்ஸ் எடுத்துவிடுவார்கள். ஒரு டோலி, இரண்டு டிரெய்லர் என்றால் மூன்று மூட்டு; பல வருடம் பழகியவர் பொறுமையாகச் செய்வார். மூன்று டிரெய்லரை ஐந்து மூட்டோடு சில மீட்டர் நேராகத் தள்ளலாம், அதற்கு மேல் கத்தரி மாதிரி மடங்கிவிடும். அதனால் நாங்கள் செய்வது, ரிவர்ஸ் எடுக்க வேண்டிய நிலைக்கே போகாமல் இருப்பது. தெரியாத பாதையில் வண்டியை விட மாட்டோம். தப்பாகப் போய்விட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். வெயில் நாற்பதைத் தாண்டிய ஒரு மதியம் எனக்கு அப்படி நாலு மணி நேரம் போனது.

இப்படி ஒரு வண்டி எதற்கு என்று கேட்கலாம். வரைபடத்தைப் பார்த்தால் புரியும். தெற்கிலிருந்து ரயில் 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. டார்வின் வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 2004-இல்தான். இடையில் 75 வருடம், அந்த 1,500 கிலோமீட்டரை முழுக்க ரயிலில் கடக்க வழி கிடையாது. 1934-இல் அரசாங்கம் ஏஇசி நிறுவனத்தின் எட்டுச் சக்கர இழுவண்டி ஒன்றை, பின்னால் இரண்டு டிரெய்லரோடு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கொண்டுவந்தது. எட்டுச் சக்கரமும் இழுக்கும் வண்டி அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியைச் சேர்ந்த கர்ட் யோஹான்சன் என்பவர், ராணுவம் கழித்துவிட்ட டயமண்ட் டி லாரியை வாங்கி, முன்வண்டியின் தடத்திலேயே பின்னால் வரும்படி தானாகத் திரும்பும் டிரெய்லர்களைத் தானே செய்து கட்டினார். அதுவரை மாதக்கணக்கில் நடத்தியே ஓட்டிக்கொண்டு போன மாடுகள் லாரி ஏறின. இன்றைய ரோடு டிரெயினுக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். வறண்ட பூமியில் கையில் கிடைத்ததை வைத்து ஒரு மெக்கானிக் யோசித்த யோசனை அது. அவர் வண்டி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சாலைப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலுருவுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. டார்வின் துறைமுகத்திலிருந்து இந்தோனேசியாவுக்கு உயிரோடு மாடு கப்பலேறுகிறது. அதைக் கொண்டுபோகும் வண்டிகளில் ஒவ்வொரு டிரெய்லரும் இரண்டு அடுக்கு, மொத்தம் ஆறு அடுக்கு மாடு. அந்த ஓட்டுநர்களுக்கு நான் எப்போதும் வழி விடுவேன். இரும்பும் சிமென்டும் கட்டிய இடத்தில் இருக்கும். மாடு வளைவில் ஒரு பக்கமாகச் சாயும், கால் தடுக்கி விழும், விழுந்ததை மற்றவை மிதிக்கும். நிறுத்தி நிறுத்தி ஏறிப் பார்த்து எழுப்பிவிட்டுத்தான் அவர்கள் போகிறார்கள்.

என் வண்டியில் நான் பார்ப்பது டயரையும், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி முழுக்கச் சுற்றி வருவேன், போக ஐம்பது, வர ஐம்பது, நூறு மீட்டருக்கு மேல் நடை. கட்டையால் ஒவ்வொரு டயரையும் தட்டினால் சத்தம் சொல்லிவிடும்: காற்று உள்ளது ‘டொங்’ என்று திருப்பி அடிக்கும், இறங்கியது மந்தமாக ‘தப்’ என்னும். புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோனால் மற்றவற்றைவிட எது சூடு என்று தெரியும். சூடு என்றால் பேரிங் போகிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி டிரெய்லரில் ஒரு டயர் வெடித்தால் எனக்குச் சத்தமே கேட்காது. அது உருண்டு உருண்டு தீப்பிடித்த பிறகு கண்ணாடியில் வெளிச்சமாகத் தெரிவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உங்கள் பயணம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு சுமார் 450 கிலோமீட்டர். முதல் 200 கிலோமீட்டர், எர்ல்டுண்டா வரை, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. அங்கே ரோடு டிரெயின்களைக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள். நார்தர்ன் டெரிட்டரி என்ற இந்தப் பிரதேசத்தில் கார்களுக்கு மணிக்கு 130 கிலோமீட்டர் வரை அனுமதி. ரோடு டிரெயினுக்கு 100. சாலை பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு தடம்தான்.

கணக்கைப் பாருங்கள். என் வண்டி 53.5 மீட்டர், உங்கள் கார் 5. பின்னால் 50 மீட்டர் இடைவெளியில் கிளம்பி, முன்னால் 50 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும். ஆக, நீங்கள் என்னைவிடக் கூடுதலாக ஓட வேண்டியது கிட்டத்தட்ட 160 மீட்டர். நான் 100-இல் போகிறேன், நீங்கள் 130-இல் முந்துகிறீர்கள் என்றால் 19 விநாடி ஆகும். அதற்குள் கார் 700 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒருவர் 130-இல் வந்தால் அவரும் 700 மீட்டர் வந்திருப்பார். குறைந்தது 1,400 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். புது ஊர், பயமாக இருக்கிறது என்று 110-இலேயே முந்தப் பார்த்தால் 58 விநாடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு நிமிடம் எதிர்த்தடத்தில் இருப்பீர்கள். எதிரே வருபவரையும் சேர்த்தால் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் காலியாக வேண்டும். மெதுவாக முந்துவதுதான் பத்திரம் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதனால், முந்த வேண்டுமென்றால் மூன்று தடம் உள்ள முந்தும் பகுதி வரும்வரை காத்திருங்கள். அது வரவில்லை என்றால் நேரான, மேடில்லாத நீளமான சாலையில் மட்டும். ஒட்டிக்கொண்டு வராதீர்கள், என் பின்னால் 50 மீட்டருக்குள் வந்தால் என் எந்தக் கண்ணாடியிலும் நீங்கள் தெரிய மாட்டீர்கள், உங்களுக்கும் எதிரே ஒன்றும் தெரியாது. தள்ளி நின்றால்தான் ஓரமாக எட்டிப் பார்க்க முடியும். என் கடைசி டிரெய்லர் ஒரு முழம் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே வரும். பக்கத்தில் போகும்போது அதற்கு இடம் விட்டே போங்கள். முந்தி முடித்ததும் வேகத்தைக் குறைக்காமல் போய்விடுங்கள். முன்னால் வந்து பிரேக் போட்டால் எனக்கு நிறுத்த இடம் இல்லை, ஒடிக்கவும் வழி இல்லை. லாரி விளக்கடித்து ‘போகலாம்’ என்று சைகை காட்டினாலும் உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

எதிரே ரோடு டிரெயின் வந்தால் இடது பக்கம் நன்றாக ஒதுங்கி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். முதலில் ஒரு தள்ளு வரும், அது கடந்ததும் ஒரு இழுப்பு வரும். மண் சாலையாக இருந்தால் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூசி முழுக்க அடங்கும்வரை கிளம்பாதீர்கள்; அந்தத் தூசிக்குள் இன்னொரு வண்டி இருக்கலாம். செத்த கங்காருவின் மேல் பெரிய கழுகு உட்கார்ந்திருந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும் பறவை, கனத்த வயிற்றோடு எழும்ப நேரம் எடுக்கும், உங்கள் காரின் முன்கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும். பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம். வேலியில்லாத பூமி, கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நேரம் அது. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்கும் இடத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். எர்ல்டுண்டாவில் பெட்ரோல் போட நிறுத்தும்போது எங்களில் யாராவது டயர் தட்டிக்கொண்டிருப்போம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கேளுங்கள், தலை முதல் வால் வரை நடத்திக் காட்டுவோம்.